போகோரனில் முதல் பத்து நாட்கள்: ‘திஸ் வார் ஆஃப் மைன்’ ஆடத் தொடங்குபவர்களுக்கு

பொங்கல் லீவுக்கு அக்கா மகன் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தான். என் பழைய லேப்டாப்பில் ‘திஸ் வார் ஆஃப் மைன்’ என்ற வீடியோ கேம் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஆட உட்கார்ந்தான். அவனுடைய ஆட்கள் மூன்று பேர். ஐந்தாம் நாள் ராத்திரிக்குள் ஒருவன் குண்டடிபட்டுச் செத்தான். ஒருத்தி காயத்தோடு படுத்துவிட்டாள். மிச்சமிருந்தவர் சாப்பிட ஒன்றுமில்லாமல் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “மாமா, இதுல நல்லவனா இருந்தா சாவுதான். அப்புறம் எதுக்கு ஆடணும்?” என்றான். ராத்திரி பதினொரு மணி வரை அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதை, புதிதாக ஆட வருகிற எல்லோருக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேம் எதைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறேன். போலந்தில் வார்சா நகரத்து 11 பிட் ஸ்டூடியோஸ் 2014 நவம்பரில் வெளியிட்டது. போர் கேம் என்றாலே நாம் துப்பாக்கி ஏந்திய சிப்பாயாக இருந்து பழகியிருக்கிறோம். இதில் நாம் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட சாதாரண ஜனங்கள். சமையல்காரர், பத்திரிகைக்காரி, கால்பந்து விளையாடுகிறவன் என்று நம் தெருவில் இருக்கிற மாதிரி ஆட்கள். ஊர் பெயர் போகோரன், கற்பனை ஊர். அதன் பின்னால் இருப்பது சரயேவோ. பொஸ்னியாவின் தலைநகரமான அது 1992 ஏப்ரலில் இருந்து 1996 பிப்ரவரி வரை 1,425 நாள் முற்றுகையில் கிடந்தது. தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு போனவர்களைக்கூட ஸ்னைப்பர்கள் சுட்டார்கள். அதனால்தான் இந்த கேமில் பகலில் வெளியே காலெடுத்து வைக்க முடியாது. வெளியே போவதெல்லாம் இருட்டிய பிறகுதான்.

2020-இல் போலந்துப் பிரதமர் இந்த கேமைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தார். பாடப்புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடியோ கேம். அந்த மரியாதைக்கு இது தகுதியானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பாலியல் வன்முறை, தற்கொலை எல்லாம் இதில் வருகிறது. பெரியவர்களுக்கானது.

ஆரம்பிக்கும் முன்

பெரிய கம்ப்யூட்டர் வேண்டாம். பழைய லேப்டாப்பில் ஓடும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. போனில் ஆடினால் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள், ராத்திரி நேரத்தில் காதுதான் உங்களைக் காப்பாற்றும். கேம் விற்கும் ‘ஸ்டீம்’ தளத்தில் விலை குறைத்துக் கொடுக்கும் நாட்கள் அடிக்கடி வரும், அவசரப்படாமல் காத்திருந்து வாங்கலாம். தமிழில் கிடையாது. ஆனால் வாக்கியங்கள் சின்னவை, பள்ளிக்கூட ஆங்கிலமே போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நினைத்த இடத்தில் சேமித்து வைத்துக்கொண்டு, தப்பு நடந்தால் திரும்பிப் போவது இதில் நடக்காது. ஒவ்வொரு நாளும் விடியும்போது கேம் தானாகவே சேமித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். செத்தவர் செத்தவர்தான். முதல் ஆட்டத்தை யூடியூபில் எதுவும் பார்க்காமல் ஆடுங்கள். நான் கீழே சொல்வது பிழைக்கும் வழி மட்டும்தான். எந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதில் இரண்டு மூன்றைத்தான் தொட்டுக் காட்டியிருக்கிறேன்.

ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் ஆட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது கத்யா, புரூனோ, பாவ்லே. கத்யா பத்திரிகைக்காரி, பேரம் பேசுவதில் கெட்டி. வியாபாரம் எல்லாம் அவள் கையில் விடுங்கள். புரூனோ சமையல்காரர். அவர் அடுப்பில் நின்றால் தண்ணீரும் விறகும் மிச்சமாகும், அதனால் மற்றவர்களைச் சமைக்க விடாதீர்கள். பாவ்லே கால்பந்துக்காரன், வேகமாக ஓடுவான். ஆபத்தான இடத்துக்கு அவன்தான். பையில் பாவ்லேக்கும் கத்யாவுக்கும் 12 இடம், புரூனோவுக்கு 10. இந்த இரண்டு இடம் சின்ன விஷயமாகத் தெரியும். இரண்டு நாள் சாப்பாடு அதற்குள் போகும்.

ஒவ்வொருவர் படத்தையும் அழுத்தினால் அவர்களுடைய குறிப்பு வரும். அவர்களே எழுதிய நாட்குறிப்பு மாதிரி இருக்கும், நாள் போகப்போக வளரும். தினமும் ஒரு தடவை படியுங்கள். யாருக்கு மனசு உடைகிறது என்பது முதலில் அங்கேதான் தெரியும். முகங்கள் நிஜ மனிதர்களுடையவை, கேம் செய்தவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும்தான் முகம் கொடுத்திருக்கிறார்கள். அதனாலோ என்னவோ, அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களைச் சட்டென்று தாண்டிப் போக முடிவதில்லை.

பகல்: இங்கேதான் எல்லாம் முடிவாகிறது

புதிதாக ஆடுகிற எல்லோரும் செய்யும் தப்பு, பகலை வேகமாக ஓட்டிவிட்டு ராத்திரிக்குப் போவது. அக்கா மகனும் அதைத்தான் செய்தான். மூன்று நாளாக வீட்டில் ஒரு படுக்கைகூடச் செய்யவில்லை, தண்ணீருக்கு வழி செய்யவில்லை. ஐந்தாம் நாள் மூன்று பேரும் பசியில். அப்போது அவன் முன்னால் ஒரு வீடு, உள்ளே துப்பாக்கியோடு ஆட்கள், அலமாரி நிறையச் சாப்பாடு. “நல்லவனா இருந்தா சாவு” என்று அவன் சொன்னது அந்த நேரத்தை வைத்து. ஆனால் அந்த முடிவை அவன் எடுத்தது ஐந்தாம் நாள் ராத்திரி இல்லை, முதல் நாள் பகலில், சாமான்கள் செய்கிற பட்டறை மேசையின் முன்னால். இந்த கேமில் கையில் இருப்பு இருக்கிறவனுக்குத்தான் இரக்கப்பட வசதி உண்டு. நல்லபடியாக ஆட ஆசைப்பட்டால் முதலில் சிக்கனமாக ஆடக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆக முதல் நாள் செய்ய வேண்டியது: உங்கள் ஆட்கள் தங்கியிருக்கிற வீடு முழுக்க ஏறி இறங்கி, திறந்திருக்கிற அலமாரி, குவியல் எல்லாவற்றையும் துழாவுங்கள். மூன்று பேரையும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் அனுப்பலாம். இடிபாட்டுக் குவியலைக் கையால் அள்ளினால் நேரம் போகும், மண்வெட்டி இருந்தால் சீக்கிரம் முடியும். கிடைக்கிற மரம், உதிரிச் சாமான்களில் முதலில் ஒரு படுக்கை, அப்புறம் இரும்புப் பட்டறை, அதில் ஒரு கடப்பாரை. பூட்டிய கதவு, அலமாரிகளைக் கடப்பாரையால் உடைக்கலாம். சத்தம் வரும், நம் வீட்டுக்குள் என்றால் பரவாயில்லை. அடுத்தவர் இடத்தில் பூட்டுத் திறக்கும் கம்பிதான் நல்லது, சத்தம் வராது. ஆனால் ஒரு தடவைக்கு ஒன்று செலவாகும். கம்பி அடைப்பு இருக்கிற இடத்துக்கு ஆக்சா பிளேடு வேண்டும்.

இரண்டாம் மூன்றாம் நாளில் அடுப்பு, மழைநீர்த் தொட்டி, எலிப்பொறி. பொறியில் இரை வைத்தால் இறைச்சி கிடைக்கும். முகம் சுளிக்காதீர்கள், பத்து நாள் போனால் அதுதான் விருந்து. வீட்டுச் சுவரில் குண்டு விழுந்த ஓட்டைகள் இருக்கும். அவற்றைப் பலகை அடித்து மூடாவிட்டால் ராத்திரி திருடர்கள் அதன் வழியாகத்தான் வருவார்கள். அதையும் சீக்கிரம் முடித்துவிடுங்கள்.

மழைநீர்த் தொட்டிக்கு வடிகட்டி வேண்டும். வடிகட்டி இல்லாமல் தண்ணீர் இல்லை. முதலில் ஆடியபோது இது எனக்கு வெறும் கேம் கணக்காகத்தான் தெரிந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளுக்குப் பிறகு அப்படித் தெரியவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறி வந்தது. அப்போது நாங்கள் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு வளவில் மாடியில் குடியிருந்தோம். கீழே இருந்த நான்கு குடும்பமும் எங்கள் மாடிக்கு ஏறி வந்துவிட்டார்கள். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு குடம்தான். கீழ்வீட்டு அண்ணாச்சி மொட்டை மாடிக் குழாய்க்கு அடியில் அண்டாவை வைத்து, அதன் வாயில் வேட்டியை நாலாக மடித்துக் கட்டினார். சொட்டுச் சொட்டாக நிறைந்தது. அதைக் கொதிக்க வைத்துக் குடித்தோம். அதற்குப் பிறகு இந்த கேமில் படுக்கை, பட்டறை, கடப்பாரை முடிந்ததும் நான் தொட்டிக்கு முன்னால் வேறெதையும் செய்வதில்லை.

சாப்பாட்டில் ஒரு கணக்கு உண்டு. தினமும் எல்லோருக்கும் போட வேண்டியதில்லை. ‘ஹங்க்ரி’ என்று காட்டும்போது விட்டுவிடுங்கள், ‘வெரி ஹங்க்ரி’ ஆனதும் கொடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு வேளை. ‘ஸ்டார்விங்’ வரைக்கும் விட்டால் ஆள் தேறுவது கஷ்டம். டப்பா உணவு கிடைத்தால் கடைசிக்கு வையுங்கள், அதற்கு விறகும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

ராத்திரி

பகல் முடிந்ததும் ஒருவர் வெளியே போய்ச் சாமான் பொறுக்கி வரலாம். மற்றவர்களுக்கு வேலை பிரிக்க வேண்டும்: ஒருவர் காவல், ஒருவர் படுக்கையில் தூக்கம். இருக்கிற ஒரு கத்தியையாவது காவல் நிற்பவருக்கு விட்டுவிட்டுப் போங்கள். நேற்று போனவர் இன்று தூங்கட்டும். தூக்கம் கெட்டவர் மெதுவாக நடப்பார், அடிவாங்குவார்.

வரைபடத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் அங்கே என்ன கிடைக்கும், ஆபத்து உண்டா, வியாபாரம் செய்யலாமா என்று எழுதியிருக்கும். முதல் மூன்று நான்கு ராத்திரி ஆபத்து என்று எழுதாத இடங்களுக்கே போங்கள். காலை 5 மணிக்குள் வெளியேற வேண்டும், நாலரைக்கே வாசல் பக்கம் வந்துவிடுவது உத்தமம். ஓடினால் சத்தம் பரவும். கண்ணுக்குத் தெரியாத அறைகளில் யாராவது நடமாடினால் சிவப்பாக அலை அலையாகக் காட்டும். எலியாகவும் இருக்கலாம், ஆளாகவும் இருக்கலாம். கதவைத் திறக்கும் முன் சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற வசதி இருக்கிறது. அதை ஒருபோதும் விடாதீர்கள்.

சில அலமாரிகளில் ‘பிரைவேட் பிராப்பர்ட்டி’ என்று இருக்கும். அது வேறொருவர் சொத்து. எடுத்தால் திருட்டு. நீங்கள் எடுப்பதைச் சொந்தக்காரர் பார்த்தால் சண்டை வரும், பார்க்காவிட்டாலும் உங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

‘குவாயட் ஹவுஸ்’ என்று ஒரு வீடு வரலாம். எல்லா ஆட்டத்திலும் வராது. அங்கே வயதான தம்பதி. துப்பாக்கி இல்லை. தாத்தா பின்னாலேயே வந்து, அவளுக்கு உடம்பு சரியில்லை, எடுக்காதீர்கள் என்று கெஞ்சுவார், கையை ஓங்க மாட்டார். என் முதல் ஆட்டத்தில் ஏழாம் நாள், வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடுகூட இல்லை. பாவ்லேயை அனுப்பி மருந்து, சாப்பாடு எல்லாவற்றையும் பை நிறைய அள்ளிவந்தேன். ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் முடிந்தது. மறுநாள் கத்யா, புரூனோ, பாவ்லே மூவர் முகமும் தொங்கிப்போயிருந்தது. சில நாள் கழித்து அதே வீட்டுக்கு மறுபடி போனேன். இருவரும் இறந்துகிடந்தார்கள். லேப்டாப்பை மூடிவிட்டு, அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் ஆச்சியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த ஆட்டத்தை அதற்குமேல் தொடரவில்லை.

இன்னோர் இடம் சூப்பர்மார்க்கெட். சில ஆட்டங்களில் அங்கே ஒரு சிப்பாய் ஒரு பெண்ணிடம் சாப்பாடு தருகிறேன் என்று சொல்லி உள்ளே இழுத்துப்போவான். அவன் கையில் துப்பாக்கி, உங்களிடம் அநேகமாக ஒன்றும் இருக்காது. தடுக்கப் போனால் உங்கள் ஆள் சாகலாம். போகாமல் திரும்பினால் உயிர் மிஞ்சும், மனசு மிஞ்சாது. எது சரி என்று கேம் சொல்லவே சொல்லாது, நானும் சொல்லப்போவதில்லை. ஆயத்தத்தை மட்டும் சொல்கிறேன்: வெறுங்கையோடு அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரு கத்தியாவது இருந்து, இருட்டில் ஒளிந்து நிற்கத் தெரிந்திருந்தால், அந்த நிமிடத்தில் உங்களுக்கு இரண்டு வழி இருக்கும். இல்லாவிட்டால் ஒன்றுதான்.

கதவைத் தட்டுகிறவர்கள்

பகலில் அவ்வப்போது யாராவது கதவைத் தட்டுவார்கள். வியாபாரி வருவார். அவரோடு கத்யாவைப் பேசவிடுங்கள். நகை, சாராயம், சுருட்டிய சிகரெட், மிச்சமான மருந்து இவற்றுக்கு நல்ல மதிப்பு. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலுக்குப் பலகை அடிக்க ஆள் கேட்டு வருவார். ஒருவரை அனுப்பினால் அவருடைய வேலை அன்றைக்கு உங்களுக்கு இல்லை. பதிலுக்கு உடனே எதுவும் கைக்கு வராது, ஆனாலும் எல்லோர் மனசும் தெளியும். என்னால் முடிந்தபோதெல்லாம் அனுப்பிவிடுவேன்.

இரண்டு பிள்ளைகள் வருவது ஒரு நாள் நடக்கும். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, மருந்து வேண்டும் என்பார்கள். அன்றைக்கென்று உங்கள் வீட்டிலும் ஒருவர் காய்ச்சலில் கிடப்பார்.

இதற்கு நான் கண்ட வழி, எப்போதும் ஒரு மருந்தை ‘இல்லாத கணக்கில்’ வைப்பது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது கேம் இல்லை, அந்த வெள்ளம்தான். மாடியில் ஐந்து குடும்பம், மொத்தம் ஒரே ஒரு பாராசிட்டமால் அட்டை, பத்து மாத்திரை. அண்ணாச்சியின் மனைவி, நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம், கத்தரிக்கோலை எடுத்து அட்டையை இரண்டிரண்டாக வெட்டினார். வீட்டுக்கு இரண்டு என்று கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். நான்கு குடும்பத்துக்குத்தான் கொடுத்தார். அவர் பங்கை முந்தானையில் முடிந்துகொண்டார். “இது வரப்போறவனுக்கு” என்றார். மறுநாள் மத்தியானம் இடுப்பளவு தண்ணீரில் பின்தெருவில் இருந்து ஒரு பையன் வந்து, தம்பிக்குக் காய்ச்சல் என்று கீழே நின்று கத்தினான். மதினி முடிச்சை அவிழ்த்து, மாத்திரையை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கயிற்றில் கட்டி இறக்கினார்.

போகோரனில் நானும் இப்போது அப்படித்தான். இரண்டு மருந்து கிடைத்தால் ஒன்றைத்தான் என் கணக்கில் சேர்ப்பேன். பிள்ளைகள் வரும் நாளில் யோசிக்க வேண்டியிருக்காது.

மனசு

உடம்பைப் போலவே மனசுக்கும் படிகள் உண்டு: ‘சேட்’, ‘டிப்ரஸ்டு’, கடைசியில் ‘புரோக்கன்’. கடைசிப் படிக்கு வந்தவர் சொன்ன வேலையைச் செய்ய மாட்டார், வீட்டை விட்டுப் போய்விடலாம், உயிரையும் மாய்த்துக்கொள்ளலாம். ‘சேட்’ என்று பார்த்த அன்றே கவனியுங்கள். நாற்காலி செய்து போடுங்கள், புத்தகம் இருந்தால் படிக்க விடுங்கள், ரேடியோவில் பாட்டு வையுங்கள். புரூனோவுக்கு சிகரெட், கத்யாவுக்குக் காபி. எல்லாவற்றையும் விட மற்றவர் போய்ப் பேசுவதுதான் மருந்து. அந்தப் பேச்சு வசதி வரும்போது, வேறு வேலை இருக்கிறதென்று தள்ளிப்போடாதீர்கள்.

குளிர் வரும்போது

எப்போது என்று சொல்ல முடியாது, ஆனால் குளிர்காலம் ஒன்று வரும். வெப்பம் இறங்கிக்கொண்டே போகும், காய்ச்சல் வரும், காயம் ஆறாது. நம் ஊரில் மார்கழிக் காலையில் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் முடிந்தது, அதனால் நாம் இதை லேசாக எடுத்துக்கொள்வோம். ஏமாந்துபோவோம். ஹீட்டரை முன்கூட்டியே செய்து வையுங்கள். கோடாலி செய்தால் வீட்டில் இருக்கிற மேசை, அலமாரிகளை விறகாக்கலாம். ரேடியோவைத் தினமும் கேளுங்கள், குளிரைப் பற்றியும் கொள்ளையர் நடமாட்டம் கூடுவதைப் பற்றியும் அதில் சொல்வார்கள்.

போர் நிறுத்தம் வரை ஒருவராவது உயிரோடு இருந்தால் ஆட்டம் முடிகிறது. எத்தனையாவது நாள் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஒவ்வொருவருக்கும் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று படங்களோடு வரும். அதைத் தாண்டிவிடாமல் உட்கார்ந்து படியுங்கள். அப்புறம் அடுத்த ஆட்டத்தில் வேறு ஆட்கள் வருவார்கள். தீயணைப்பு வீரர் மார்கோ இருக்கிற குழு கிடைத்தால் சந்தோஷப்படுங்கள், அவர் பையில் 15 இடம்.

அக்கா மகன் காலேஜுக்குத் திரும்பிப் போய்ப் புதிதாக ஆரம்பித்தான். முதல் நாளிலேயே படுக்கை, இரண்டாம் நாள் மழைநீர்த் தொட்டி. மூன்று பேரும் இருக்கிறார்கள். இப்போது 24-ஆம் நாள், பனி விழுகிறது. நேற்று ராத்திரி போன் செய்தான்.

“மாமா, விறகு தீந்துட்டு. கத்யா படிக்கிற புத்தகம் நாலு இருக்கு. எரிச்சிரட்டுமா?”

“மேல்மாடியில அலமாரி இருக்குல்லா?”

“இருக்கு.”

“கோடாலி?”

“இல்ல, இனிமதான் செய்யணும்.”

“முதல்ல அதைச் செய். அலமாரியை உடை. புத்தகத்தை நாளைக்குப் பாப்போம்.”